மதிப்பும் எண்ணும்

1

வங்கியில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள வேலைகளில் கல்விக் கடன் மனுக்களை வாங்கி வைப்பதும் ஒன்று. ஜூன், ஜூலை மாதங்களில் என் மேஜை முழுக்க மதிப்பெண் பட்டியல்களின் ஜெராக்ஸ் பிரதிகள். மூலத்தோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி, சுருக்கொப்பம் போடுவதோடு என் அதிகாரம் முடிந்துபோகிறது. கொடுப்பதா மறுப்பதா என்பது மேனேஜர் பாடு.

சென்ற ஆண்டு ஒரு பையன் தன் அப்பாவோடு வந்திருந்தான். உள்ளூர்ப் பாலிடெக்னிக் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. நான் வருமானச் சான்றிதழைக் கேட்டேன். அவன் மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டி, "மார்க் கம்மிதான் சார்" என்றான். நான் கேட்காத கேள்விக்கான பதில் அது. மன்னிப்புக் கேட்கும் குரல். பக்கத்தில் நின்ற அப்பா அவனுக்குத் துணையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலும். "லீவு நாள்லயெல்லாம் சென்ட்ரிங் வேலைக்கு வந்துருவான் சார். அதான் படிக்க முடியல" என்றார். பையன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் அடங்கிவிட்டார்.

அந்தப் பார்வை எனக்குப் பல நாள் புரியவில்லை. மார்க் கம்மி என்று அன்னியனான என்னிடம் தானாகவே ஒப்புக்கொண்டவனுக்கு, அதற்கான காரணத்தை அப்பா சொன்னது ஏன் பொறுக்கவில்லை? வேலைக்குப் போனதில் வெட்கம் என்று முதலில் நினைத்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் வேறொன்றும் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. மார்க் கம்மி என்பது அவனுடையது, அவனே சம்பாதித்தது. சென்ட்ரிங் பலகை அப்பாவுடையது. அப்பாவின் மீது பழி விழுவதைவிடத் தன் மூளையின் மீது விழுவது மேல் என்று பதினேழு வயதில் அவன் முடிவு செய்திருக்கிறான். ஒரு சமூகத்தின் கணக்கை ஒரு பையன் தன் பெயரில் எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டான். படிக்காமல் கையெழுத்துப் போடப்படும் கடன் பத்திரங்களைத் தினமும் பார்க்கிறவன் நான். இப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை.

பரீட்சை என்ற ஸ்தாபனத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

2

இங்கே பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் யாராவது உடனே ராமானுஜனை அழைத்து வந்துவிடுவார்கள். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், கேம்பிரிட்ஜ் போனார். ஆகவே பரீட்சை பொய். குமாஸ்தா என்ற முறையில் எனக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தப் பெருமை இருக்கலாம். ஆனால் இதில் உள்ள வாதம் எனக்கு உவப்பானதல்ல. மேதையை அடையாளம் காணத் தவறியதுதான் பரீட்சையின் குற்றம் என்றால், மேதையல்லாத மற்றவர்கள் விஷயத்தில் அது சரியாகவே நடந்துகொண்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தார்மீகக் கேள்வி மேதையைப் பற்றியதல்ல. பாலிடெக்னிக் பையனைப் பற்றியது.

'மதிப்பெண்' என்ற சொல்லைக் கவனிக்கலாம். 'மார்க்' என்பது ஒரு குறி, ஒரு கீறல். இலங்கைத் தமிழர்கள் 'புள்ளி' என்கிறார்கள். இரண்டும் தாளின் மீது விழும் மையோடு நின்றுவிடும் சொற்கள். நாம் அதைத் தமிழ்ப்படுத்தும்போது மதிப்பையும் எண்ணையும் ஒட்டிவிட்டோம். ஒருவன் எழுதிய விடைக்கு இடப்பட்ட எண், சொல்லின் புணர்ச்சியிலேயே அவனுடைய மதிப்பாகிவிடுகிறது. 'தேறாதவன்' என்ற சொல்லும் இப்படித்தான். ஒரு தாளில் தேறாதவன் என்று தொடங்கி, 'அவன் தேறமாட்டான்' என்று வாழ்க்கை முழுவதற்குமான தீர்ப்பாக அது நீண்டுவிடுகிறது. முப்பத்தைந்து என்ற எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் முப்பத்துநான்கில் நிற்பவனுக்கும், அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் அறிவில் உள்ள வித்தியாசம் ஒரு காற்புள்ளி அளவு. வீட்டில், தெருவில், கல்யாணப் பேச்சில் உள்ள வித்தியாசம் வேறு.

பூர்தியு என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் பாஸ்ஸெரோனுடன் சேர்ந்து 1964இலும் 1970இலும் எழுதிய இரு நூல்களில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். வீட்டிலிருந்து கொண்டுவரப்படும் மொழியும் ரசனையும் பழக்கமும் ஒரு சொத்து. பள்ளிக்கூடம் அந்தச் சொத்தைத் தகுதி என்று பெயர் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். பாரம்பரியச் சொத்தைச் சுயசம்பாத்தியமாகக் காட்டும் கணக்குப் புத்தகம் என்று என் மொழியில் சொல்லிக்கொள்வேன். தோற்றவன் ரகளை செய்யாமல் வீட்டுக்குப் போவதுதான் இந்த ஏற்பாட்டின் வெற்றி. மைக்கேல் யங் 1958இல் 'மெரிட்டாக்ரஸி' என்ற சொல்லைப் பரப்பிய நூலை எழுதியது அதைக் கேலி செய்வதற்காக. கேலியை உலகம் கொள்கையாக எடுத்துக்கொண்டது.

3

அளப்பவன் யார் என்ற கேள்வி அடுத்தது. இதில் இலக்கியக்காரர்களான நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார். மாத்யூ ஆர்னால்டைக் கவிஞராகவும் விமர்சகராகவும் பி.ஏ. வகுப்பில் படித்தோம். அவர் 1851 முதல் 1886 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்து வயிறு வளர்த்தார் என்பதை ஒரு வரியில் தாண்டிவிட்டோம். ரயிலேறி ஊர் ஊராகப் போய், ஏழைக் குழந்தைகளை நிற்கவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வேலை.

1862இல் ராபர்ட் லோ என்பவரின் முயற்சியால் இங்கிலாந்தில் ஒரு புதிய விதி வந்தது. அரசு மானியம் பெறும் ஆரம்பப் பள்ளிகளுக்கு இனி விளைச்சலைப் பார்த்துத்தான் பணம். ஒரு குழந்தையின் வருகைக்கு நான்கு ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறினால் மேலும் எட்டு. ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பிடித்தம். குழந்தையின் தவறுக்குக் காசில் விலை நிர்ணயித்த ஒரு விவசாயக் கணக்கு அது. சரித்திரத்துக்கும் பூகோளத்துக்கும் முதலில் காசு கிடையாது. ஆகவே அவை பல பள்ளிகளில் மெலிந்தன. ஆர்னால்டு, தான் சம்பளம் வாங்கிய இலாகாவையே எதிர்த்து அதே ஆண்டு எழுதினார். 1867ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் சொன்னதன் கருத்து இது: தந்திரமாகத் தயார் செய்தால், வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ உண்மையில் தெரியாத குழந்தையையும் இந்தப் பரீட்சையில் தேறவைத்துவிடலாம். முறை 1890களில்தான் ஒழிந்தது. அதற்குள் நமது சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்து, இங்குள்ள பள்ளிகளுக்கும் விளைச்சல் மானியம் என்ற பாடத்தைக் கற்பித்திருந்தது.

அளவுகோல் அளக்கப்படும் பொருளைத் தன் உருவத்துக்கு மாற்றிவிடும் என்பதை ஆர்னால்டு கண்டார். ஆனால் அதே ஆர்னால்டுதான் 1880இல் பெருங்கவிஞர்களின் வரிகளை உரைகல்லாக மனத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கவிதைகளை உரசிப் பார்க்கச் சொன்னார். குழந்தையை உரசிப் பார்க்க மறுத்த மனிதர் கவிதையை உரசிப் பார்க்கலாம் என்றார். இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. உரைகல்லை வைத்திருப்பவன் தன் தீர்ப்புக்குத் தானே பொறுப்பு. வேண்டுமானால் அவனோடு சண்டை போடலாம். எட்டு ஷில்லிங் தீர்ப்புக்கு முகமில்லை. அதோடு சண்டை போட முடியாது.

முகமில்லாத அந்தத் தீர்ப்பின் கடைசி வடிவத்தை 2020இல் அதே இங்கிலாந்து பார்த்தது. கொரோனாவால் பள்ளி இறுதிப் பரீட்சைகள் ரத்தாயின. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடையும், வகுப்பில் வரிசை எண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள் என்று பயந்த ஆஃப்குவால் என்ற கண்காணிப்பு நிறுவனம், அந்தப் பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டுகளின் முடிவுகளை வைத்து ஒரு கணிப்பொறிச் சூத்திரத்தால் அவற்றைச் 'சரி' செய்தது. ஆகஸ்டு 13ஆம் தேதி முடிவுகள் வந்தபோது ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இறக்கப்பட்டிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளில் சூத்திரம் செல்லாது என்பதால் அங்கே ஆசிரியர் சொன்னதே நின்றது. மிகச் சிறிய வகுப்புகள் இருப்பது பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், 17ஆம் தேதி, சூத்திரம் கைவிடப்பட்டது.

எனக்கு இதில் வியப்பாக இருப்பது சூத்திரத்தின் அநியாயமல்ல, அதன் நேர்மை. மோசமான பள்ளியில் படித்தாய், ஆகவே உன் மார்க் இவ்வளவுதான் என்று அது பச்சையாகச் சொல்லிவிட்டது. எழுதாத பரீட்சையின் முடிவைப் பள்ளியின் பழைய கணக்கிலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிட முடியும் என்றால், ஆண்டுதோறும் எழுதப்படும் பரீட்சை எதை அளந்துகொண்டிருந்தது? தொடக்க இருப்பையே இறுதி இருப்பாக எழுதும் பேரேட்டை எங்கள் ஆடிட்டர் ஏற்கமாட்டார். அந்த நான்கு நாட்கள் தவிர அது உலகெங்கும் ஏற்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நம் ஊரிலும் 2021இல் பிளஸ் டூ பரீட்சை நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து ஐம்பது சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து இருபது, செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து முப்பது என்று கூட்டி எல்லோரையும் தேர்ச்சி என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு எண்பது, வருகைக்கு இருபது. வருகைக்கு மதிப்பெண் என்பதைப் படித்தபோது லோவின் நான்கு ஷில்லிங் நினைவுக்கு வந்தது.

4

இதுவரை எழுதியதைப் படிக்கும் நண்பர்கள், பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்பது என் கட்சி என்று முடிவு கட்டிவிடலாம். ஒரு நண்பர் கடிதத்தில் அப்படியே எழுதியும் இருந்தார்: ஆசிரியருக்குத் தெரியாதா தன் மாணவனை? சர்க்கார் எதற்கு நடுவில்?

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சர்க்கார் நடுவில் வராத கல்விமுறை நம்மிடம் இருந்தது. திண்ணைப் பள்ளியில் பொதுப் பரீட்சை இல்லை. வாத்தியாருக்குத் தன் மாணவனை நன்றாகவே தெரியும். எந்தத் தெருவிலிருந்து வருகிறான், யார் மகன் என்பது வரை தெரியும். தெரிந்ததால்தான் பலரைத் திண்ணையில் ஏறவே விடவில்லை. சங்கப் பலகை தகுதியுள்ள புலவனுக்குத் தானாக இடம் விட்டுக்கொடுக்கும் என்ற கதை அழகானது. பலகை வரை போக யாருக்கு வழி இருந்தது என்று அந்தக் கதை சொல்வதில்லை.

பொதுப் பரீட்சையில் விடைத்தாளின் மீது டம்மி நம்பர் என்று ஒன்றைப் போடுகிறார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஜாதி இல்லை, பள்ளி இல்லை. நம் சமூகத்தில் ஒரு குழந்தை முகம் பார்க்கப்படாமல் நிற்கிற இடம் அநேகமாக அது ஒன்றுதான். நானும் அந்த வழியாக வந்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் என் அப்பா. ஒரு பரீட்சையால் வாத்தியாரானவர். நான் இன்னொரு பரீட்சையால் வங்கிக்கு வந்தேன். சிபாரிசு செய்ய எங்களுக்கு யாரும் இல்லை. டம்மி நம்பர்தான் சிபாரிசு செய்தது.

லண்டன் தெருக்களில் நின்ற மாணவர்களும் பரீட்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தம் பள்ளியின் சரித்திரத்தை மீறிக் காட்ட அவர்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பு பறிக்கப்பட்டுவிட்டது என்பதே அவர்கள் கோபத்தின் அடிப்படை. பத்துப் பேரில் ஒருவன் மீறுவதற்குப் பரீட்சை இடம் தருகிறது, சூத்திரம் தரவில்லை. சிக்கல் என்னவென்றால், அந்த ஒருவனைக் காட்டித்தான் மற்ற ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. என்னைக் காட்டி என் அத்தை மகனிடம் வாங்கப்பட்டது. அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் போனான். இப்போது லேத் பட்டறையில் இருக்கிறான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் சொல்வான். "நமக்குக் கணக்கு வராதுடா" என்பான்.

அரசின் கை இந்த எண்ணின் மீது படும்போது என்ன ஆகும் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு ஒரு தகுதிப் புள்ளி, சிங்கள மூலத்துக்குக் குறைந்த வேறொன்று என்று தரப்படுத்தினார்கள். ஒரு தலைமுறை இளைஞர்கள் அந்த வித்தியாசத்தில் தங்களை நாடு எப்படி மதிக்கிறது என்பதைப் படித்துக்கொண்டார்கள். பிறகு நடந்ததற்கு அது மட்டும் காரணமல்ல என்றாலும், அதை விட்டுவிட்டு அந்தக் காலத்தை எழுதிவிட முடியாது.

நம் நாட்டில் 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. நாற்பது ஆண்டு கழித்து, 2017இல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்தபோதுதான் அந்த நகர்த்தலின் பாரம் இங்கே பலருக்குத் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு ஒரு பாடத்திட்டத்தில் படித்தவனை வேறொரு பாடத்திட்டத்தைச் சார்ந்த ஒரு பொழுது அளக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அதே கேள்வியை நம் மாநிலப் பரீட்சையிடமும் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அதே 2017இல் மாநில அரசு முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது நல்ல காரியம். பதினோராம் வகுப்புக்கு அதே ஆண்டு புதிதாகப் பொதுப் பரீட்சை வந்தது; 2025இல் போய்விட்டது. ஐந்துக்கும் எட்டுக்கும் 2019இல் அறிவித்த பரீட்சை 2020 பிப்ரவரியில் நடக்காமலேயே ரத்தானது. போடுவதும் எடுப்பதுமான இந்த விளையாட்டில், எந்த வயதில் ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை வருகிறது என்று யாரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை.

5

அப்பா தமிழாசிரியர். ஒவ்வொரு கோடையிலும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவார். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. விரலில் சிவப்பு மையோடு வருவார். விடைத்தாள்களைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின், நான் என்னவோ பரீட்சைகளைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒன்றைச் சொன்னார்.

மழைநீர்ச் சேமிப்பு பற்றிக் கட்டுரை. பத்து மதிப்பெண். முன்னுரைக்கு இவ்வளவு, உட்தலைப்புகளுக்கு இவ்வளவு, முடிவுரைக்கு இவ்வளவு என்று விடைக்குறிப்பு. ஒரு பையனோ பெண்ணோ, தெரியாது, டம்மி நம்பர்தான், முன்னுரை என்று எழுதாமல் இரவு இரண்டு மணிக்குத் தெருக் குழாயில் தன் அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குக் காவலாகத் தன்னைப் படுக்கவைத்துவிட்டுப் போவதை எழுதியிருந்தது. மழை என்ற சொல் கடைசி வரியில்தான் வந்ததாம். டீ நேரத்தில் அப்பா அதைப் பக்கத்து மேஜைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"நாலு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பேசினார். "அவனுக்கு நான் ஒம்போது போட்டா, அந்தக் கட்டுல குறிப்புல உள்ளபடி எழுதுன மத்தவங்களுக்கு என்னடா பதில் சொல்றது? நான் ரசிச்சதுக்கு ஒரு ஒம்போது, அடுத்த மேஜையில அவன் ரசிக்காததுக்கு ஒரு ரெண்டா? என் ரசனையில ஒருத்தன் தலையெழுத்து நிக்கலாமா?"

இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. விடைக்குறிப்பு ஏழைக்குப் பாதுகாப்பு. யார் கையில் தாள் போனாலும் ஒரே அளவு என்ற உத்தரவாதம் இல்லாவிட்டால் நானும் அப்பாவும் இல்லை. அதே விடைக்குறிப்புதான் அந்தக் குடத்தைக் காணவில்லை. ஒருவனுக்குச் செய்யும் நியாயமும் எல்லோருக்கும் செய்யும் நியாயமும் ஒரே தாளில் மோதிக்கொண்டபோது அப்பா எல்லோரையும் தேர்ந்தெடுத்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நான்குதான் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது சரி என்று அவராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தால் இத்தனை ஆண்டு ஞாபகம் வைத்திருக்கமாட்டார்.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். அரசு ஒரு தாளை அளக்கலாம். இன்ன பாடத்தில் இன்ன கேள்விகளுக்கு இன்ன நாளில் இவன் இவ்வளவு எழுதினான் என்று சான்றளிக்கலாம். பாகுபாடில்லாமல் செய்ய வேண்டுமானால் விடைக்குறிப்பும் டம்மி நம்பரும் வேண்டியதுதான். ஆனால் இப்படி முகத்தை மறைத்துப் பெறப்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டு போய் முகத்தில் ஒட்டக் கூடாது. தாளை அளக்கும்போது ஆளைப் பார்க்கவில்லை என்பதுதான் அந்த எண்ணின் ஒரே யோக்கியதை. பார்க்காத ஆளைப் பற்றி அது சாட்சி சொல்ல முடியாது. 'மதிப்பெண்' என்பதிலிருந்து மதிப்பைக் கழித்துவிட்டுப் புள்ளி என்றே நாமும் சொல்லலாம். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்ற பிரமை எனக்கு இல்லை. பாலிடெக்னிக் பையனுக்கு அவன் அப்பாவைப் பார்க்க இன்னொரு பார்வை கிடைக்கலாம், அவ்வளவே.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமர்சகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் கவிதைகளுக்கு நான்கு, ஒன்பது என்று போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நமக்கு விடைக்குறிப்பின் கட்டாயம் இல்லை. டீ நேரத்தில் வாசித்துக் காட்டியதற்கு நேர்மாறாக உட்கார்ந்து மதிப்பெண் போடவேண்டிய நிர்ப்பந்தம் நம் தலைமீது இல்லை. இருந்தும் நாமாகவே சில விடைக்குறிப்புகளைத் தயாரித்து வைத்திருக்கிறோம். அந்தக் குடத்துக் கட்டுரை இந்தப் பத்திரிகைக்கு வந்திருந்தால் படிமம் போதாது என்றோ, அனுபவம் பிரக்ஞையாக மாறவில்லை என்றோ எழுதி நான் திருப்பி அனுப்பியிருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அப்படிச் செய்திருந்தால் அப்பாவுக்கு இருந்த நியாயம்கூட எனக்கு இருந்திருக்காது.

அந்தக் கட்டுரையின் வாக்கியங்கள் சிலவற்றை அப்பா அன்று அப்படியே சொன்னார். எழுதிய பிள்ளைக்கு இன்று என் வயது இருக்கலாம். தமிழில் இவ்வளவு மதிப்பெண் என்று ஒரு பட்டியல் அதன் பெட்டியில் எங்காவது இருக்கும். ஒரு வாத்தியார் தன் எழுத்தை மனப்பாடமாக வைத்திருந்தார் என்பது அதற்குத் தெரியாது.